கல்யாண கவுன்

என் செல்லத் தங்கைக்கு,

நான் தைத்த உன் கல்யாண கவுனை இன்றே எதிர்வீட்டு டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். சாட்டின் துணி கையில் நிற்காமல் வழுக்கி உயிரை வாங்கிவிட்டது.

நேற்று மத்தியானம் அதைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது உன் அத்தான் குடித்துவிட்டு வந்தார்.

"யாரைக் கேட்டுடி கல்யாணத்துக்குக் கிளம்புற?"

என் போனை உடைத்தார். கத்தரிக்கோலை எடுத்துக் கவுனின் கீழ்ப்பகுதியைக் கிழித்தார். பிடுங்கப் போனேன்; இடது உள்ளங்கையில் ஆழமாக இறங்கிவிட்டது. அப்படியும் ஆத்திரம் அடங்காமல் என் முடியைப் பிடித்து முகத்தை மேசையில் மோதினார்.

வலது கையில் சூடான இஸ்திரிப் பெட்டி இருந்தது. அவர் மணிக்கட்டில் வைத்து அழுத்தினேன். அவர் அலறல் தெருவுக்கே கேட்டது.

"திரும்பி வந்து உன்னைக் கொல்லாம விடமாட்டேன்" என்று கத்திக்கொண்டே ஓடினார்.

நானும் மகளும் இப்போது எதிர்வீட்டில் இருக்கிறோம். கிழிந்த இடத்தில் லேஸ் வைத்து, டிரைவர் மனைவியின் மிஷினில் தைத்துவிட்டேன். உள்பக்கம் பட்ட ரத்தக் கறையை லைனிங் மறைத்துவிடும். நீ தைரியமாகப் போட்டுக்கொள்.

நாளைக்கு மகளின் பரீட்சை முடிந்ததும் பஸ் ஏறுகிறோம். அம்மா வழக்கம்போல "கொஞ்சம் பொறுத்துப் போடி" என்று என்னைத் திருப்பி அனுப்பப் பார்ப்பாள். நான் வருவது கல்யாணத்துக்காக மட்டும் இல்லை என்று நீயே அவளிடம் சொல்லிவிடு.

உன் அக்கா