சுற்று நோட்டில் முதல் கையெழுத்து

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இந்த நிமிடம் வரை சௌக்கியம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். இன்று திங்கட்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்கு என்னுடைய பிரமாண வாக்குமூலம் நீதிமன்றப் பதிவேட்டில் ஏறிவிட்டது. சொன்னவர் பதிவுப் பிரிவு எழுத்தர். முத்திரை வைத்ததை நானே பக்கத்தில் நின்று பார்த்தேன். இனி அதைத் திரும்ப வாங்க முடியாது. உன்னைக் கேட்காமல் செய்துவிட்டேன். அது உன்னையும் தொடும் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். போனில் எதுவும் பேச வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். அதனால் நாளை உன் ஊருக்கு விமானம் ஏறும் அம்மாவின் பழைய ஆபீஸ் சிநேகிதியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். புதன்கிழமைக்குள் உன் கைக்கு வந்துவிடும்.

மூன்றாம் மாடி எக்ஸ்ரே மாமாவை உனக்கு நினைவிருக்கும். நீ கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டு வந்தபோது, எலும்பு நல்லா இருக்கு, உன் வாய் மாதிரியே உறுதியா இருக்கு என்று சொல்லி அனுப்பினாரே, அவர்தான். அரசு ஆஸ்பத்திரியில் பத்தொன்பது வருஷமாக அதே இருட்டறையில் வேலை. அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு படத்துக்கும் சீட்டில் இரண்டு வரி எழுதுவார். நோயாளி சொன்னது என்று ஒரு வரி, படத்தில் தெரிவது என்று ஒரு வரி. இரண்டையும் கலக்க மாட்டார். போன மாதம் நூல் ஆலை வேலைநிறுத்தத்தில் பிடித்துக்கொண்டு போன தொழிலாளர்களில் பதினொரு பேரை அவரிடம் படம் எடுக்க அழைத்து வந்தார்கள். எல்லோரும் தடுக்கி விழுந்ததாக எழுதச் சொல்லி வாய்மொழி உத்தரவு. அவர் முதல் வரியில் காவலில் அடித்ததாகச் சொல்கிறார் என்று எழுதினார். இரண்டாம் வரியில் இரு மணிக்கட்டும் ஒரே இடத்தில் உடைந்துள்ளன என்று எழுதினார். பதினொரு சீட்டிலும் அப்படியே. மேலதிகாரி கூப்பிட்டு, என்னய்யா இது என்று கேட்டதற்கு, தடுக்கி விழுறவன் ரெண்டு கையையும் அளவெடுத்து உடைச்சுக்க மாட்டான் சார் என்று சொன்னாராம். இதை அவர் மனைவி சொல்லக் கேட்டேன். சீட்டுகளின் நகல்களை வக்கீலிடம் நானே பார்த்தேன்.

இந்த மாதம் நாலாம் தேதி, செவ்வாய், மதியம் இரண்டே கால் மணிக்கு இரண்டு பேர் வந்து அவரை அழைத்துப் போனார்கள். சாதாரணச் சட்டை, ஒருவர் கையில் ஹெல்மெட். அவர் மனைவி, நம் தையல் டீச்சர், வகுப்பில் இருந்தார். பார்த்தது நம் வாசல் காவலாளி கேப்டன் ஒருவர்தான். பட்டாளத்துக்குப் போகாமலேயே அந்தப் பட்டம் வாங்கிய மனிதர் என்று நீ கேலி செய்வாயே, அவரேதான். என்ன குற்றம் என்று எக்ஸ்ரேக்காரர் படியில் நின்று கேட்டிருக்கிறார். பதில் இல்லை. சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துத் தள்ளியிருக்கிறார்கள். காரில் ஏற்றும்போது கேப்டனைப் பார்த்து, அடுப்புல பால் இருக்குய்யா, அணைச்சிடு என்றாராம். கேப்டன் மூன்று மாடி ஏறிப் போய் அணைத்திருக்கிறார். பாத்திரம் கருகிவிட்டது. தன் இஷ்டத்துக்குக் கிளம்புகிற மனிதன் பாலை அடுப்பில் வைத்துவிட்டா போவான் என்று வக்கீல், டீச்சருக்காகக் கோர்ட்டில் போட்ட மனுவில் ஒரு தனிப் பத்தியே எழுதியிருக்கிறார்.

இனி வருவது என் தப்பு. ஒளிக்காமல் எழுதுகிறேன். நம் குடியிருப்பின் சுற்று நோட்டு உனக்குத் தெரியும். தண்ணீர்த் தொட்டி சுத்தம், லிஃப்ட் பழுது, எதுவானாலும் செயலாளர் அதில் எழுதுவார். கேப்டன் வீடு வீடாகக் கொண்டு போவார். அவரவர் வரிசையில் கையெழுத்துப் போட வேண்டும். கீழ்த்தளம் முதல் வீடு நம்முடையது என்பதால் முதல் கையெழுத்து எப்போதும் என்னுடையது. கோர்ட் செய்தி எழுதிய மனிதர், எழுத்து எழுத்தாகப் படித்துவிட்டுத்தான் போட்டிருப்பார் என்று மற்றவர்கள் படிக்காமலே போடுவார்கள். இது இந்தக் கட்டடத்தில் பதினாறு வருஷ வழக்கம். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. ஐந்தாம் தேதி புதன் காலை நோட்டு வந்தபோது என் முகத்தில் பாதி சோப்பு. பிளம்பர் மொட்டை மாடியிலிருந்து தண்ணியை மூடப்போறேன் என்று கத்திக்கொண்டிருந்தார். கண்ணாடி ஃப்ரிட்ஜ் மேல். தொட்டி சுத்தம் என்ற தலைப்பு மட்டும் பெரிதாகத் தெரிந்தது. போட்டுவிட்டேன். தலைப்புக்குக் கீழே ஐந்து வரி தொட்டியைப் பற்றி. அதற்கும் கீழே நெருக்கி எழுதிய இரண்டு வரி: மேலும், மூன்றாம் மாடி இரண்டாம் வீட்டுக்காரர் நேற்று மதியம் அதிகாரிகளுடன் தன் விருப்பப்படி சென்றதை நேரில் கண்டோம். முப்பத்தொரு வருஷம் தீர்ப்புகளைப் படித்தவன் நான். மேலும் என்ற சொல்லுக்குப் பிறகுதான் கத்தி இருக்கும் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன். வீட்டு வாசலில் வந்த மேலும் என் கண்ணில் படவில்லை.

இருபத்துநாலு வீட்டில் பூட்டியிருந்தது இரண்டு. மீதி இருபத்திரண்டிலும் கையெழுத்து விழுந்துவிட்டது. அந்த இருபத்திரண்டில் ஒன்று தையல் டீச்சருடையது. விடிய விடிய ஸ்டேஷன் ஸ்டேஷனாக அலைந்துவிட்டு வந்தவர், காதில் போனை வைத்துக்கொண்டு படியிலேயே போட்டிருக்கிறார். பத்தாம் தேதி கோர்ட்டில், தன் கணவரை நேரில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்ற அவர் மனு விசாரணைக்கு வந்தது. அரசு வக்கீல் ஒரே ஒரு தாளை நீட்டினார். அவரை யாரும் பிடிக்கவே இல்லை, தானாக வந்தார், அன்றே பேசிவிட்டுத் தானாகப் போய்விட்டார், இதோ அக்கம்பக்கத்தார் இருபத்திரண்டு பேர் சாட்சி, மனுதாரரே பதினேழாவது சாட்சி என்றார். நீதிபதி தாளைக் காட்டி, இது உங்கள் கையெழுத்தா அம்மா என்று கேட்டார். ஆமாம் என்றார் டீச்சர். வேறு என்ன சொல்வார். நான் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்ததும் அவர் என்னைத் திட்டவில்லை. நீங்க மேல போட்டிருந்தீங்களே அண்ணா, அதான் போட்டேன் என்றார். அவ்வளவுதான்.

ஒருவனைப் பிடித்தால் ஏன் என்று சொல்ல வேண்டும், நீதிபதி முன் நிறுத்த வேண்டும், கை வைக்கக் கூடாது. இந்த மூன்றையும் எத்தனையோ கூட்டத்தில் எத்தனையோ பேர் பேசக் கேட்டுச் செய்தி எழுதியிருக்கிறேன். உரிமை என்றால் சட்டப் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிற ஏதோ ஒன்று என்றே நானும் நினைத்திருந்தேன். அந்தப் புதன் காலை எக்ஸ்ரேக்காரருடைய மூன்று உரிமையும் இருந்த இடம் என் பேனா முனை. நான் கண்ணாடியை எடுத்து வந்து படித்திருந்தால், படிக்காமல் போடும் இருபத்தொரு பேரும் நின்றிருப்பார்கள். என்னை நம்பி மற்றவர்கள் படிக்காமல் இருந்தால், நான் படிப்பது என் இஷ்டம் இல்லை, கடமை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு அறுபத்தாறு வயதாகியிருக்கிறது. உன் அம்மா இதை இன்னும் சுருக்கமாகச் சொன்னாள். ஊர்ல இருக்கிற கமாவையெல்லாம் திருத்தினீங்க, ஒரு கமாவில ஒரு மனுஷனைத் தொலைச்சிட்டீங்க என்றாள்.

செயலாளரிடம் போனேன். ஸ்டேஷனிலிருந்து ஒருவர் வந்து, ஒரு சின்ன வரிதானே, சேர்த்து எழுதிடுங்க என்று சொன்னதாக ஒப்புக்கொண்டார். எழுதித் தருவீர்களா என்றால், சார், என் கடை லைசென்ஸ் அவங்க மேஜை மேல இருக்கு, எனக்கும் குடும்பம் இருக்கு என்று கதவைப் பாதி சாத்திக்கொண்டார். பிறகு வீடு வீடாக ஏறினேன். நாங்கள் எதையும் நேரில் பார்க்கவில்லை, படிக்காமல் கையெழுத்திட்டோம் என்று பிரமாணம் செய்து தர வேண்டும், இதுதான் கேட்டது. இரண்டாம் மாடி பேங்க் அம்மா தண்ணீர் கொடுத்து உட்கார வைத்து, உங்களை நம்பித்தான் போட்டோம், இப்ப உங்களை நம்பி எடுக்கணுமா என்று கேட்டார். பயப்படுவதற்கு அவருக்கும் உரிமை உண்டு. அந்தப் பயத்துக்கு நான் நீதிபதி இல்லை. ஆனாலும் ஒன்பது பேர் தருவதாகச் சொன்னார்கள்.

பதினாலாம் தேதி வெள்ளி, மாலை நாலு மணிக்கு ஒருவர் வந்தார். நல்ல மரியாதையான பேச்சு. என் பழைய செய்திகளை விரும்பிப் படித்ததாகச் சொன்னார். ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தார். யார், எந்த அலுவலகம் என்று இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும் சிரித்தார். எழுந்து போகும்போது, பொண்ணு சௌக்கியமா சார், அடுத்த மாசம் இருபத்தெட்டாம் தேதியோட பாஸ்போர்ட் முடியுதே, புதுப்பிக்க இங்கேயிருந்துதானே சரிபார்த்து அனுப்பணும், சும்மா விசாரிச்சேன் என்றார். உன் பாஸ்போர்ட் முடியும் தேதி எனக்கே தெரியாது. அம்மா அலமாரியைத் திறந்து உன் நகலைப் பார்த்தாள். இருபத்தெட்டுதான்.

மறுநாள் சனி மாலை வேலை முடிந்து போன கேப்டன் திரும்பி வரவில்லை. போன் அணைந்திருக்கிறது. ஊருக்குப் போயிருக்கிறார் என்று செயலாளர் சொல்கிறார்; எந்த ஊர் என்று அவருக்குத் தெரியவில்லை. கேப்டனின் தங்கையைப் போய்ப் பார்த்தேன், அங்கே வரவில்லை. ஞாயிறு காலையிலிருந்து வாசலில் புது ஆள். நல்ல பாலிஷ் போட்ட ஷூ. தொட்டி வால்வு எங்கே இருக்கிறது என்று தெரியாது, ஆனால் யார் வீட்டுக்கு யார் வருகிறார்கள் என்று மணி போட்டு எழுதிக்கொள்கிறார். ஒன்பது பேர் நேற்று மதியமே மூன்று ஆனார்கள். நானும் டீச்சரும் சேர்த்து இன்று வாக்குமூலம் கொடுத்தது ஐந்து பேர்.

நேற்று சாயங்காலம் நானும் அம்மாவும் உன்னைப் பற்றித்தான் பேசினோம். பாப்பாவைக் கேக்காம அவ பிழைப்புல கை வைக்க நமக்கு என்ன உரிமை என்று அம்மா கேட்டாள். நியாயமான கேள்வி. கேட்டால் நீ சரி என்று சொல்வாய் என்று எனக்குத் தெரியும், அப்போது பாரம் உன் தோளில் ஏறும். கேட்காவிட்டால் பாரம் என்மேல் இருக்கும். அதனால்தான் கேட்கவில்லை. இது சரியா என்று இன்னும் தெரியவில்லை. காலையில் நான் கிளம்பும்போது அம்மா கண்ணாடியைத் துடைத்து என் கையில் கொடுத்தாள்.

நீ செய்ய வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. இருபத்தெட்டு வரை காத்திருக்காதே, இது கைக்கு வந்த மறுநாளே அங்கே ஒரு வக்கீலைப் பார். எல்லாத் தாள்களையும் நகல் எடுத்து நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வை. இங்கே வருவதாக இருந்தால் இப்போது வராதே. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று யாராவது சொன்னாலும் வராதே. போனில் சாப்பாடு, வெயில், உன் வேலை, இவற்றைப் பற்றி மட்டும் பேசு. தலைவலி மாத்திரையைக் குறைத்துக்கொள். தண்ணீர் நிறையக் குடி.

தெரிந்தது இவ்வளவு. தெரியாதது: எக்ஸ்ரேக்காரர் உயிரோடு இருக்கிறாரா என்று பதிமூன்று நாளாக நேரில் பார்த்துச் சொன்னவர் ஒருவரும் இல்லை. கேப்டன் எங்கே என்று தெரியாது. வாக்குமூலம் கொடுத்த மற்ற மூன்று வீட்டுக்காரர்களும் கூண்டில் ஏறி வாய் திறப்பார்களா என்று தெரியாது. வியாழக்கிழமை இருபதாம் தேதி காலை பத்தரை மணிக்கு இரண்டாம் எண் கோர்ட்டில் டீச்சரின் மனு மறுபடி விசாரணைக்கு வருகிறது. முதலில் கூப்பிடப் போவது என்னைத்தான் என்று எழுத்தர் சொன்னார்.

நீ நூறு வயது நல்லபடியாக இருக்க வேண்டும். உன் நேர்மை உன்னைக் காக்கட்டும், காக்காத இடத்தில் நல்ல மனிதர்கள் காக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. வியாழன் சாயங்காலம் ஆறு மணிக்குள் நான் உனக்குப் போன் செய்வேன். என் குரலே வர வேண்டும். வராமல், அப்பா தன் விருப்பப்படி எங்கேயோ போயிருக்கிறார் என்று யார் எழுதிக் காட்டினாலும் நம்பாதே. அதன் கீழே அம்மாவின் கையெழுத்து இருந்தாலும் நம்பாதே.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா