சிவப்புத் துணி கட்டிய கோரை

ஜன. 22, வியாழன்

பனி. ஏரிக்குப் போவதற்குள் கண்ணாடி மங்கித் தொலைத்தது. கோரைக்குள் நீலத் தாழைக்கோழிக் கூடுகள், எல்லாவற்றிலும் முட்டை. ஒன்றில் பொரிந்தே விட்டது. கறுப்புப் பஞ்சு மாதிரிக் குஞ்சு. ஒவ்வொரு கூட்டருகிலும் கழி நட்டுச் சிவப்புத் துணி கட்டினேன். ஆய்வுக்கு எப்போதும் செய்வதுதான்.

மாலை கள்ளிக்குப்பம் ஃப்ளாட் சங்கச் செயலாளர் வந்தார். கோயம்புத்தூர்க்காரர், ஐ.டி. வேலை. குடியரசு தினத்தன்று ஏரியைச் சுத்தம் செய்கிறார்களாம், நான் சிறப்பு விருந்தினராம். குப்பையை மட்டும் எடுங்கள், குஞ்சுகள் பெரிதாகும் வரை கோரையில் கை வைக்காதீர்கள், துணி கட்டிய பக்கமே போகக் கூடாது என்றேன்.

"சரிங்க மேடம். ஜே.சி.பி. டிரைவர்ட்ட சொல்லிடறனுங்க."

குப்பைக்கு ஜே.சி.பி. எதற்கு? அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

ஜன. 23, வெள்ளி

விடைத்தாள் பாதிக்கட்டு திருத்தினேன். 'வாழிடம்' விளக்குக என்பதற்கு ஒருவன் தன் வீட்டு முகவரியை எழுதியிருக்கிறான். அரை மதிப்பெண் போட்டேன். கேஸ் சிலிண்டர் இன்னும் வரவில்லை.

ஜன. 24, சனி

ஜே.சி.பி. இன்றே கிடைத்ததாம். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. சத்தம் கேட்டு ஓடினேன். துணி கட்டிய இடங்களைத்தான் முதலில் வாரியிருக்கிறான். கரையில் சேற்றுக் குவியல். அதில் கழி, துணி, முட்டை ஓடு.

கத்தினேன். டிரைவர் இறங்கி வந்தான்.

"இன்னா மேடம், செவப்புத் துணி கட்டிகீது, அத்த எடுக்கணும்னுதான? ரோட்டு வேலைல அப்டிதான் கட்டுவாங்கோ. எங்கைல யாரும் ஒண்ணியும் சொல்லல."

இடிக்கிற சுவர், வெட்டுகிற மரம், எல்லாவற்றுக்கும் இங்கே சிவப்புதான். எனக்குத் தெரியாதா என்ன. என் மேலேயே ஆத்திரம். அவனை விட்டுவிட்டுச் செயலாளரிடம் போனேன்.

"மறந்துட்டனுங்க மேடம். ஆனா பாருங்க, இப்பத்தான் ஏரி மாதிரி இருக்குதுங்க."

அறைந்திருப்பேன். பின்னால் நாலு பேர் செல்ஃபி.

தாழைக்கோழி ஒன்று வெறும் சேற்றில் நடந்துகொண்டே இருந்தது.

ஜன. 25, ஞாயிறு

பால் பொங்கி வழிந்தது. துடைக்கவில்லை.

ஜன. 26, திங்கள்

போகவில்லை. கொடியேற்றம் ஒலிபெருக்கியில் வீடு வரை கேட்டது. என் பெயரைச் சொல்லி நன்றி வேறு.

மதியம் செயலாளரின் வாட்ஸ்அப். பொன்னாடையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்களாம். ஏரிச் சுவரில் பறவைகள் வரையப்போகிறார்களாம், 'நம்ம ஏரிப் பறவைங்க பேரெல்லாம் அனுப்புங்க மேடம்.'

அனுப்பினேன்: நீலத் தாழைக்கோழி. கூடு, முட்டை, குஞ்சு எல்லாம் வரையுங்கள். ஜே.சி.பி.யையும்.

உடனே வந்தது, கட்டைவிரல் படம்.