நத்தைக் கொடிக்காரர்கள்

இன்று காலை ஆஸ்பத்திரி பஸ்ஸில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் தைலப் புட்டியைத் திறந்தாள். அந்த வாடை வந்ததும் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்துபோய் அவள் கையிலிருந்து புட்டியைப் பிடுங்கி, "தலைவலின்னா டாக்டர்கிட்ட போ. இதத் தேய்ச்சுக்கிட்டு டூட்டிக்கு வராதே" என்று கத்தினேன். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. அவளுக்கு உன்னைத் தெரியாது. இப்போது இந்த பஸ்ஸில் வருகிற பாதி நர்ஸுகளுக்கு உன்னைத் தெரியாது. அதுவும் எனக்கு ஆத்திரமாகத்தான் இருக்கிறது.

நீ அந்த வாடையோடுதான் பஸ் ஏறுவாய். ஜன்னலோரம் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டே, "கதைய எங்கட்டி விட்டேன்?" என்பாய். எங்கே விட்டாய் என்று நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் சொல்வோம். இந்த அரபு ஊரின் ஷரஃபியா பகுதியில் நம் குவார்ட்டர்ஸ் வாசலில் ஆரம்பித்து, நெரிசலில் பஸ் ஊர்கிற நேரமெல்லாம் உன் கதைதான். இரண்டு நிலாக்கள் உள்ள ஒரு தேசம். மலைக்குகையில் நெருப்பு கக்கும் நாகம். ஏழடுக்குக் கோட்டையில் மகாராஜா. இவர்கள் யாரும் உனக்கு முக்கியமில்லை. ராஜ்ஜியத்தின் ஓரத்தில், மழை ஒழுகும் கல்வீட்டில் இருந்த ஒரு சின்னக் குதிரைவீரர் குடும்பத்தைத்தான் நீ பிடித்துக்கொண்டாய். பெரிய வம்சங்களின் கொடியில் சிங்கமும் கழுகும் இருக்க, இவர்கள் கொடியில் ஒரு நத்தை. வீட்டில் ஒரு தாய், இரண்டு மகன்கள். மகன்கள் இருவருக்கும் சேர்த்துக் கவசம் ஒன்றுதான். அதுவும் பழைய போரில் இறந்துபோன அப்பாவுடையது. அரண்மனை விருந்தில் இவர்களுக்குச் சமையல்கட்டு வாசலை ஒட்டித்தான் இலை போடுவார்கள். போர் என்றால் மட்டும் முதல் ஓலை இவர்கள் வீட்டுக்கு வரும்.

"ராஜா கதைய எல்லாவனும் சொல்லுவான். கடைசி வரிசைல நிக்கவன் கதைய யாரு சொல்லுவா?" என்றாய் ஒருமுறை.

அந்தக் குடும்பத்தின் மூத்த மகனை நீ ஒரு பாலத்தில் கொண்டுபோய் நிறுத்தினாய். இளவரசன் தப்பிக்கும்வரை பாலத்தைக் காக்க வேண்டும் என்று உத்தரவு. இளவரசனோ வேறு வழியில் எப்போதோ தப்பிவிட்டான். அதைச் சொல்லி அனுப்பக்கூட யாருக்கும் தோன்றவில்லை. இவன் நின்றான், செத்தான். பஸ்ஸே உன்மேல் பாய்ந்தது. தமிழ் தெரியாத பாகிஸ்தானி டிரைவர்கூடக் கண்ணாடியில் எங்களைப் பார்த்து, "க்யா ஹுவா?" என்று, என்ன ஆச்சு எனக் கேட்டார். யாரோ "மர் கயா", செத்துட்டான் என்றதும் ஸ்டியரிங்கில் ஓங்கித் தட்டினார்.

"ஓடிப் போயிருக்கலாமே அவன்?" என்று நான் சண்டைக்கு வந்தேன்.

"வாக்கு குடுத்துட்டாம்லா."

"வாக்கு வாங்கினவனே அங்க இல்லையேடி!"

"அது அவனுக்குத் தெரியாதே" என்று சிரித்தாய்.

சரி, அவனுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. மூளை நோயாளிகளின் வார்டில் வேலை பார்த்தவள் நீ. தலைவலியோடு கண்ணும் மங்கினால் உடனே வாருங்கள் என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லி அனுப்பியவள். உனக்கே கண் மங்கியபோது என்ன சொன்னாய்? "வார்டுல ஆளில்லட்டி. லீவுக்குப் போனவ வரட்டும், பாக்கேன்." போனவள் வந்தாள். இன்னொருத்தி போனாள். இன்சார்ஜ் டபுள் டூட்டி கேட்கும்போதெல்லாம் நீ தலையாட்டினாய். முடியாது என்று சொல்லேன் என்று உன் தோளைப் பிடித்து உலுக்கினேன். "கேக்காங்கல்லா, எப்படிச் சொல்ல?" என்றாய், ஏதோ நான்தான் முறை தெரியாதவள் மாதிரி.

ஒரு கிழவருக்கு டிரிப் மாற்றிக்கொண்டிருந்தபோது அப்படியே சாய்ந்தாய். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. நீ அத்தனை பேரைப் பார்த்துக்கொண்ட அதே மாடியில் உன்னைப் படுக்க வைத்தார்கள். கண் திறக்கவே இல்லை.

உன்னைப் பெட்டியில் ஊருக்கு அனுப்பிய பிறகு, ஆஸ்பத்திரியில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். பெரிய படம், பூங்கொத்து, பிஸ்கட், டீ. இன்சார்ஜ் மைக்கைப் பிடித்து ஆங்கிலத்தில் உருகினார்: "எத்தனை முறை கூப்பிட்டாலும் வந்தாள். முடியாது என்ற வார்த்தையே அவள் வாயில் வந்ததில்லை. நம் எல்லோருக்கும் அவள் ஓர் எடுத்துக்காட்டு."

கை தட்டினார்கள். சாவுக்குக் கை தட்டினார்கள்.

நான் எழுந்தேன். "அதனால்தான், மேடம், அவள் செத்துப்போனாள்" என்றேன். என் பக்கத்திலிருந்தவள் கையைப் பிடித்து இழுத்தாள். நான் உட்காரவில்லை. "ஆள் போடச் சொல்லி நாங்கள் எத்தனை முறை கேட்டோம்? அவளுக்குத் தலைவலி என்று நானே உங்களிடம் சொன்னேனா இல்லையா?"

"இது அதற்கான இடம் இல்லை, சிஸ்டர்" என்றார் அவர். மைக்கைக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். அந்த மாதம் முழுக்க எனக்கு வெள்ளிக்கிழமை வார லீவு கிடைக்கவில்லை. அதுதான் பதில். உன் இடத்துக்கு மட்டும் உடனே ஆள் வந்தது. நீ இருந்தவரை கிடைக்காத ஆள்.

அவர்கள்மேல் உள்ள கோபம்கூட ஒருநாள் ஆறலாம். உன்மேல் உள்ளது ஆறவில்லை. நத்தைக் கொடிக்காரர்களுக்காக அத்தனை வருத்தப்பட்டவள், உனக்காக ஒரு நாள் வருத்தப்பட்டிருக்கக் கூடாதா?

சாயங்காலம் திரும்பும்போது காலையில் அழ வைத்த பெண்ணின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். டாக்டரைப் பார்த்துவிட்டாளாம், கண்ணாடி போட வேண்டுமாம், வேறொன்றும் இல்லையாம். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் என்று அவள் கேட்டாள். உன்னைப் பற்றிச் சொன்னேன். உன்னைப் பற்றிச் சொன்னால் கதையையும் சொல்ல வேண்டியிருந்தது. முன்சீட்டுக்காரிகள் திரும்பினார்கள், பழைய ஆட்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

அண்ணன் பிணம் வீட்டுக்கு வந்த கையோடு தம்பிக்கும் ஓலை வந்தது என்பதோடு நீ நிறுத்தியிருந்தாய். அதற்கப்புறம் யாரும் அதைத் தொட்டதில்லை.

"அப்புறம் என்னக்கா ஆச்சு? தம்பியும் போயிட்டானா?" என்றாள் அந்தப் பெண்.

இல்லை என்றேன். தாய் வாசலுக்கு வந்தாள். ராஜாவின் தூதன் குதிரையிலிருந்து இறங்கக்கூட இல்லை. தாய் ஓலையைப் பிரித்துப் பார்க்காமல் அவனிடமே நீட்டினாள். "மாஃபி. எங்க வீட்ல இனிமே ஆள் இல்ல. கலாஸ். போய்ச் சொல்லு" என்றாள்.

பஸ் சிரித்தது. டிரைவரும், கதை புரியாவிட்டாலும் இல்லை, முடிந்தது என்கிற அந்த இரண்டு அரபு வார்த்தை புரிந்து, சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மீதிக் கதை இப்போது என்னிடம்தான் இருக்கிறது. தம்பி போரில் சாகமாட்டான், கிழவனாகிக் கட்டிலில் கிடந்து சாவான். கவசத்தை உருக்கி அந்தத் தாய் கலப்பைக் கொழு அடித்துக்கொள்வாள். அந்த உலகத்தில் யாரும் ராஜாவை அப்படி எதிர்த்துப் பேச மாட்டார்கள், எல்லாம் தப்பு என்று நீ என்னோடு சண்டைக்கு வருவாய்.

வாடி. வந்து சண்டை போடு.