ஐந்தாவது துளையில் செருகிய மைக்

பீளமேடு
செப்டம்பர் 1999

அன்பு மகன் பூபதிக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் சுகம், அந்த ஊர் மழையில் சளி பிடிக்காமல் நீயும் சுகமாக இருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் பேனாவை எடுத்தேன். போன ஞாயிற்றுக்கிழமை உன் அத்தையிடம் நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வாக்கியம். நங்கையா, உங்கள் மைக்கை நான் தெரிந்தேதான் அந்தத் துளையில் செருகினேன் என்பது அது. அவரிடம் சொல்லவேண்டியதை உனக்கு எழுதுகிறேன், இதுவும் ஒரு கோழைத்தனம்தான்.

நீ சிங்கப்பூரிலிருந்து கொடுத்தனுப்பிய பாட்டுப் பதிகிற பெட்டி பத்திரமாக வந்து சேர்ந்தது. பெட்டியின் கார்டைச் செருகுவதற்கு அப்பா கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றிவிட்டு, மோட்டாரைப் பிரித்துப் போடுகிற மனிதர், இதில் கை வைக்கப் பயந்துகொண்டு என்னையே செருகச் சொன்னார். முதல் நாள் கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. பக்கத்து இடத்துக்கு மாற்றிச் செருகிய பிறகுதான் திரையில் அதன் பெயர் வந்தது. அப்புறம் எந்நேரமும் உய்யென்று ஓர் இரைச்சல், பெட்டியையும் கம்ப்யூட்டரையும் ஒரே பிளக்பாயின்டில் செருகியதும் அடங்கிவிட்டது. கூட வந்த புத்தகத்தை அகராதியோடு உட்கார்ந்து, நாவல் படிக்கிற மாதிரி முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். முன்பக்கத்து நான்கு துளைகளில் மைக்கை நேராகச் செருகலாம், பின்பக்கத்து நான்கும் கீபோர்டு, டேப்ரெக்கார்டர் மாதிரி ஏற்கனவே சத்தம் பெருகி வருகிற சாமான்களுக்கு, அங்கே வெறும் மைக்கைச் செருகினால் ஒன்றும் கேட்காது என்று அதில் தெளிவாகப் போட்டிருந்தது. இந்த வீட்டில் அதைப் படித்தவள் நான் ஒருத்திதான். அந்தத் தைரியத்தில்தான் செய்தேன்.

நம் வீட்டுக் கல்யாணங்களில் பாடுகிற கும்மியை நான்கு பேரை வைத்துப் பாடி அனுப்பச் சொன்னாய், உன் முதலாளி கேட்டுவிட்டுப் பிடித்தால் சிடி போடலாம் என்கிறார் என்றாய். அத்தை குரலை மட்டும் கொஞ்சம் பார்த்துக்கம்மா என்றும் சொன்னாய். உன்மேல் குற்றம் சொல்வதற்கு இதை எழுதவில்லை. அத்தை பாடினால் மற்றவர்கள் குரல் எழாது என்பதும், தாளத்துக்கு ஓரடி முன்னால் ஓடுவார் என்பதும் ஊருக்கே தெரியும். வேண்டாம் என்று முகத்துக்கு நேராகச் சொல்ல நம்மில் யாருக்கு வாய் வரும் சொல். நாம் மரியாதையாகத்தான் எதையும் செய்வோம். ஐந்து மைக் வாடகைக்கு எடுத்தேன். சிங்காநல்லூர் மைக் செட் நிஜாம், பாடறது நாலு பேருன்னீங்களே அக்கா என்று கேட்டதற்கு, கை தட்டுகிற சத்தத்துக்கு ஒன்று தனியாக வேண்டும் என்றேன். அது பொய் இல்லை. பக்கத்து வீட்டு ரங்கம்மாளுக்கு ஒன்று, மாவு மில் பாப்பாயிக்கு ஒன்று, எனக்கு ஒன்று, கைதட்டலுக்கு ஒன்று என்று முன்பக்கம் நிறைந்துவிட்டது. அத்தையின் மைக்கைப் பின்பக்கம் ஐந்தாவதில் செருகினேன். கைதட்டலுக்குக் கிடைத்த இடம் அவருக்குக் கிடைக்கவில்லை.

அப்பா அதைப் பார்த்துவிட்டார். சமையலறைக்கு வந்து மெதுவாக, அஞ்சாவதுல மைக்கு எடுக்காதுன்னு நீதானே சொன்னே என்றார். அப்படியானால் பாடவேண்டாம் என்று உங்கள் அக்காவிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள் என்றேன். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அத்தை போத்தனூரிலிருந்து இரண்டு பஸ் மாறி, கல்யாணத்துக்குக் கட்டுகிற அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு வந்தார். மைக்குக்குப் புடவை தெரியாதுங்க என்று பாப்பாயி சிரித்ததற்கு, என் பையன் பூபதி கேக்கறான், ஏனோதானோன்னு வர முடியுமா என்றார். சத்தம் வராமல் இருக்க ஃபேனை நிறுத்தி, ஜன்னலுக்கு மெத்தையைச் சாத்தி வைத்திருந்ததில் எல்லோரும் வியர்த்து ஊற்றப் பாடினோம். அத்தை கண்ணை மூடிக்கொண்டு பாடினார். எப்போதும்போல ஓடவில்லை என்பதை நான் கவனித்தேன், ஆனால் அப்போது பெட்டியின் விளக்குகளைப் பார்ப்பதில்தான் என் புத்தி இருந்தது.

பாடி முடித்துக் காப்பி குடிக்கும்போதுதான் தெரிந்தது, போனில் நீ அத்தையிடம், இந்தப் பெட்டியில் ஒவ்வொருவர் குரலும் தனித்தனியாக நிற்கும், உங்கள் குரலை மட்டும் தனியாகப் போட்டுக் கேட்பேன் என்று சொல்லியிருக்கிறாய். அதை அவர் ஒரு வாரமாக மனதில் வைத்திருந்திருக்கிறார். எல்லோருடையதையும் சேர்த்துப் போட்டுக் காட்டியதும், என்னுதை மட்டும் போடு அம்மணி, பையனுக்கு எப்பிடிக் கேக்கும்னு நானும் பாத்துக்கறேன் என்றார். திரையில் மைக்குக்கு ஒரு பட்டையாக எங்கள் மூன்று குரலும் கைதட்டலும் மேடும் பள்ளமுமாக இருந்தன, ஐந்தாவதில் ஒரு நேர்கோடு. ஹெட்போனை மாட்டிவிட்டேன். அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்து, பாட்டு முடியும்வரை, இரைச்சலைத் தவிர ஒன்றுமில்லாத அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பொட்டிக்கே உங்களைக் கண்டாப் பயமாட்ட இருக்குதுங்க என்றாள் பாப்பாயி. ரங்கம்மாள் சிரித்தாள். அத்தையும் சிரிக்கப் பார்த்தார்.

“நான் மெதுவாப் பாடிப்போட்டேனாட்ட இருக்குது அம்மணி,” என்றார். “என் குரலு உங்களையெல்லாம் அமுக்கிப்போடும்னு அடக்கித்தான் பாடினேன். ரொம்ப அடக்கிப்போட்டேன்.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். முன்பக்கத்தில் கைதட்டல் மைக்கைப் பிடுங்கிவிட்டு அவருடையதைச் செருகி இன்னொரு தடவை பாடியிருக்கலாம், மைக்குகளை எடுத்துப்போக நிஜாம் சாயங்காலம்தான் வருவதாக இருந்தார். நான் சொன்னது, அந்தத் துளை பழுதுங்க நங்கையா என்பது. உடனே அத்தை முகம் மாறிவிட்டது, தனக்காக இல்லை. “பையங்கிட்டச் சொல்லிப்போடாதே. அத்தனை காசு போட்டு வாங்குனது பழுதுன்னா அவனுக்கு மனசு தாங்காது,” என்றார். பாப்பாயியிடமும் ரங்கம்மாளிடமும் அதையே சொல்லி வாயடைத்துவிட்டுத்தான் பஸ் ஏறினார். என் பொய்யை உனக்காக அவர் சுமந்துகொண்டு போனார்.

மறுநாள் அப்பா பட்டறைக்குப் போன பிறகு ஒவ்வொரு பட்டையாகக் கேட்டேன். அத்தை ரங்கம்மாளுக்குப் பக்கத்தில் நின்றதால் அவளுடைய மைக்கில் தூரத்தில் அத்தையின் குரல் விழுந்திருக்கிறது. தாளத்தோடுதான் பாடியிருக்கிறார். தாளம் தப்பியது நான், இரண்டு இடத்தில். நீ ஒன்றரை வயதுக் குழந்தையாக இருந்தபோது தபாலில் பி.ஏ. படிக்கிறேன் என்று நான் புத்தகத்தோடு உட்கார்ந்துகொள்ள, உன்னைக் குளிப்பாட்டிச் சோறூட்டித் தூங்கவைத்தவர் அவர். அப்படிச் சேர்த்த படிப்பை வைத்துத்தான் அந்தப் புத்தகத்தைப் படித்தேன், அவர் மைக்கை எங்கே செருகினால் கேட்காது என்று தெரிந்துகொண்டேன். இதை நினைத்தால் கம்ப்யூட்டர் இருக்கிற அறைக்குள் போகவே கூசுகிறது.

மற்றபடி இங்கே நல்ல மழை, அப்பாவுக்குப் பம்ப்செட் ஆர்டர் வந்திருக்கிறது, முட்டிவலிதான் விட்டபாடில்லை, டாக்டரிடம் போகச் சொல்லி நீயும் ஒரு வார்த்தை எழுது. கடைச் சாப்பாட்டையே நம்பி இருக்காதே, மோராவது ஊற்றிச் சாப்பிடு, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. பெட்டியில் பழுது எதுவும் இல்லை, கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டுவிடாதே. பாட்டை இப்போது அனுப்பவில்லை. அத்தையை மறுபடி பாடவைத்து அனுப்பலாம் என்றிருக்கிறேன். நீ எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இருக்கவேண்டும், மனிதர்களிடம் என்னைவிட நேராக இருக்கவேண்டும், அதுதான் நான் தினமும் வேண்டிக்கொள்வது. அத்தைக்குத் தனியாக ஒரு கடிதம் போட மறக்காதே.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா

பி.கு. கடிதத்தை ஒட்டாமல் வைத்திருந்தேன். வியாழக்கிழமை போத்தனூர் போய் அத்தையிடம் உள்ளதைச் சொன்னேன். “அதுக்கென்ன அம்மணி, இத்தனை தூரம் வந்திருக்கறே, சாப்புட்டுட்டுப் போ,” என்று இலை போட்டார். நேற்று ரங்கம்மாள் வீட்டு வளைகாப்பில் கும்மி அடித்தோம். அத்தையும் வந்தார். சுற்றில் எங்களோடு நின்று கடைசிவரை கை தட்டினார். பாடவில்லை.