வட்டம் போட்ட வினிகர்

அன்பு மகள் க்வம்போகாவுக்கு அம்மா எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. அந்தக் குளிர் நாட்டில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். நான் நக்குருவில் ஒரு பெண்கள் பள்ளி விடுதியில் அடைபட்டிருக்கிறேன். பள்ளி இறுதித் தேர்வின் வேதியியல் விடைத்தாள் திருத்தி முடியும்வரை யாரும் வெளியே போகக்கூடாது, போனைப் பிடுங்கிக்கொண்டார்கள், கேட்டில் போலீஸ். படுக்கை இரட்டைக் கட்டிலின் மேல் தட்டு, இந்த உடம்பை வைத்துக்கொண்டு நான் ஏறுவதைப் பார்த்தால் சிரிப்பாய். இன்று உகாலிக் களியும் கீரையும், நாளைக்குக் கீரையும் உகாலியும். வீட்டில் மாடு கன்று போடுகிற நேரம், உன் அப்பாவுக்குத் தேயிலை கிள்ளத் தெரியும், பிரசவம் பார்க்கத் தெரியுமா? ஒரு சேதியும் இல்லை. இந்தக் கடிதமே கேட் திறந்தால்தான் தபாலுக்குப் போகும்.

இங்கே ஆளுக்கு ஒரு கேள்வி, திருத்திவிட்டுத் தாளை அடுத்தவரிடம் தள்ள வேண்டும். எனக்கு விழுந்தது வினிகர் அமிலமும் சோடியம் ஹைட்ராக்சைடும் சேர்வதற்கு நிகர அயனிச் சமன்பாடு. உனக்குத் தெரியாததா, சோடியம் இரண்டு பக்கமும் சும்மா நிற்கிறது, அடித்துவிடலாம். வினிகர் அமிலம் வலுவில்லாதது, லேசில் பிரியாது, அதை முழுசாக எழுத வேண்டும். எங்கள் மேசைக்கு வந்த விடைக்குறிப்பிலோ பழக்கதோஷத்தில் அதையும் பிரித்து, ஹைட்ரஜனும் ஹைட்ராக்சைடும் சேர்ந்து தண்ணீர் என்று முடித்துவிட்டார்கள். மேசைத் தலைவர் வெகேசாவிடம் சொன்னேன். அத்தனை பேரு கையெழுத்துப் போட்ட குறிப்பு டீச்சர், நீங்க ஒருத்தர் சொன்னா மாத்திடுவாங்களா, பேசாம அதுப்படி போடுங்க, எல்லாரும் வீட்டுக்குப் போகணும் என்றார். போட்டேன். சரியாக எழுதிய பிள்ளைக்குத் தப்பு, தப்பாக எழுதியதற்குச் சரி.

நேற்று ஒரு தாளில் அமிலத்தைச் சுற்றிப் பென்சில் வட்டம். வெட்டும் முன் வட்டம் போடு என்று உன்னிடம் எத்தனை முறை கத்தியிருப்பேன்! வலுவில்லாததைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டால் கை தவறிப் பிரிக்காது என்று நான் சொல்லிக்கொடுத்தது. அடுத்த தாளிலும் வட்டம், அதற்கடுத்ததிலும். பள்ளியின் பெயரை மறைத்தவர்களுக்கு வட்டத்தை மறைக்கத் தோன்றவில்லை. என் வகுப்புப் பிள்ளைகள், க்வம்போகா. ஒரு மதிப்பெண் குறைந்தால் மருத்துவப் படிப்பு கைநழுவிப் போகிறவர்கள். இனித் தப்புப் போட மாட்டேன் என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அதுவரை ஊரார் பிள்ளைகளுக்குக் கூசாமல் தப்புப் போட்டேனே என்று வெட்கமாக இருக்கிறது.

அப்ப ரூம்ல போய் இருங்க என்றார் வெகேசா. வீட்டுக்கு விடுங்கள் என்றேன், கடைசித் தாள் முடியாமல் கேட் யாருக்கும் திறக்காதாம். வேலையும் இல்லை, வழியும் இல்லை. என் நாற்காலியில் செருயோட் என்ற இளம் ஆசிரியரை உட்கார வைத்திருக்கிறார்கள். இன்று தேநீர் வேளையில் வந்து, டீச்சர், உங்க வட்டம் வந்துக்கிட்டே இருக்கு, நான் என்ன பண்ணட்டும் என்று கேட்டார். சரி போடு என்றால் அவரையும் எழுப்பிவிடுவார்கள், தப்புப் போடு என்று என் வாயால் எப்படிச் சொல்ல? கோப்பையை அவர் பக்கம் தள்ளினேன். தேநீரை அப்படியே வைத்துவிட்டுப் போனார். கூடத்தில் தாள் தள்ளும் சத்தம் இங்கே கேட்கிறது.

கடவுள் உன்னைக் காக்கட்டும். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. உன் ஆய்வுக்கூடத்தில் யார் சிரித்தாலும் நீ வட்டம் போடுவதை விடாதே.

மேல் தட்டிலிருந்து,
உன் அம்மா கெமுந்தோ