டெம்பரவரி கொட்டகை

புரட்டாசி, புதன் இரவு.

எழுத நினைத்தவை:
1. டெம்பரவரி என்ற சொல்லின் பொருள்.
2. செல்வத்திடம் நான் கேட்டது.
3. இரவில் கொட்டகையில் ஆள் இருப்பதில்லை. ஆகவே பயப்பட வேண்டியதில்லை.

பள்ளியில் ஆங்கிலம் நடத்தியபோது, கொஞ்ச காலம் மட்டும் இருந்து முடிந்துபோவது என்று பொருள் சொல்வேன். சிவகாசிப் பக்கம் அப்படி இல்லை. உரிமம் வாங்காமல் பட்டாசு செய்யப் போட்ட தகரக் கொட்டகைக்குத்தான் அந்தப் பெயர். அதற்கு முடிவே வருவதில்லை. என் தம்பி மகன் செல்வமும் அட்டைப்பெட்டி அடுக்க என்று சொல்லித்தான் என் வீட்டுக்குப் பின்னால் ஒன்று போட்டான்.

இன்று சாயங்காலம் எட்டிப் பார்த்தேன். பெண்கள் உட்கார்ந்து வெடிக்கு மருந்து செலுத்திக்கொண்டிருந்தார்கள். கலந்த மருந்தை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும், ஈரம் பட்டால் தானாகச் சூடேறும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். ஒரு தொட்டி நிறைய மிச்சம் கிடந்தது. அதற்கு நேர் மேலே தகரத்தில் ஓட்டை.

“ஏலே செல்வம், மழை வரும்போல இருக்கே?” என்றேன்.

“சீசன் பெரியப்பா. நாளைக்கு லோடு ஏத்தணும். எல்லாம் டெம்பரவரிதான். நீங்க போயி டிக்சனரியப் பாருங்க.”

பெண்கள் சிரித்தார்கள். மாரியம்மாள் மட்டும், “காப்பி குடிச்சீகளா சார்?” என்று பேச்சை மாற்றினாள். மருந்தைப் பற்றி எனக்கென்ன தெரியும் என்று திரும்பிவிட்டேன்.

இப்போது தூறல் விழுகிறது. சன்னலைச் சாத்தப் போனேன். கொட்டகையில் வெளிச்சம். மாரியம்மாள் யாரையோ அதட்டுகிறாள்: “தூங்கி விழாதடி, இன்னும் அம்புட்டும் கெடக்கு.”

போய் அவர்களை வெளியே வரச் சொல்ல வேண்டும். மூன்றாவதாக எழுதியது தவறு.