அறுபத்து நான்காம் பக்கம்

பெரம்பலூர்
14-6-1981

அன்புள்ள துரைக்கு,

நானும் அம்மாவும் சுகம். உன் வீட்டில் எல்லோரும், முக்கியமாக அய்யா, சுகம்தானே? நீ அனுப்பிய இரண்டு புத்தகங்களையும் முடித்துவிட்டேன். பகலெல்லாம் நூலகத்தில் புத்தகத்துக்கு எண் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தும் அதே வேலையா என்று அம்மா கோபிக்கிறாள்.

நாவல் சுமார்தான். நம் பக்கத்துக் கதையாம். ஆனால் சித்திரை மாதத்தில் கதாநாயகி கிணற்றில் வாளியை விடுகிறாள், இரண்டே இழுப்பில் குடம் நிறைகிறது. எழுதியவர் திருச்சியைத் தாண்டி இந்தப் பக்கம் வந்ததே இல்லை. சாவுக்கு அழுகிறவர்கள்கூட முழு வாக்கியத்தில் அழுகிறார்கள்.

ஓய்வுபெற்ற நர்ஸம்மா எழுதிய வாழ்க்கைக் கதைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. காலரா வார்டில் விடிந்ததும் காலிக் கட்டில்களை எண்ணுகிற இடத்தை மூன்று தடவை படித்தேன். ஆனால், "என் வாழ்நாளில் யாரையும் வெறுத்ததில்லை" என்று முடித்திருக்கிறார். வார்டு டாக்டரைத் திட்டி நாற்பது பக்கம் எழுதிவிட்டா?

கல்லூரியில் ஆரம்பித்த வழக்கப்படி இரண்டிலும் சீட்டு வைத்திருக்கிறேன். நல்லது ஒன்று, பொய் ஒன்று, மறுபடி படிக்க வேண்டிய பக்கம் ஒன்று. பொட்டலத்தைக் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். இந்தத் தடவையாவது பஸ் ஸ்டாண்டுக்கு நேரத்துக்குப் போ.

உன்
முத்து


அரியலூர்
5-7-1981

அன்புள்ள முத்துவுக்கு,

பொட்டலம் கிடைத்தது. நேரத்துக்குத்தான் போனேன், பஸ்தான் தாமதம். நர்ஸம்மா விஷயத்தில் உன்னோடு சண்டை போடுவேன். வெறுக்கவில்லை என்று ஒருவர் எழுதினால் அது பொய்யாகத்தான் இருக்க வேண்டுமா? அப்படி இருக்க ஆசைப்பட்டார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாதா? உன்னிடம் மாட்டினால் எந்த எழுத்தாளனும் தப்ப முடியாது.

இத்துடன் அனுப்புவது அப்பாவின் புத்தகம். 'காடு திருத்திய காலம்'. அவர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதி, இங்கே ஓர் அச்சகத்தில் முந்நூறு பிரதி போட்டோம். போன வாரம் வீட்டிலேயே சின்னதாக ஒரு விழா. நம் ஊரிலிருந்து பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். உனக்குச் சொல்லியிருக்க வேண்டும், அவசரத்தில் விட்டுப்போயிற்று.

அப்பாவுக்குக் காது ரொம்ப மந்தம். கத்தினால்தான் கேட்கிறது. ஆனால் புத்தகத்தை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருக்கிறார். உன் சீட்டுக்காகக் காத்திருக்கிறேன். அய்யாவின் புத்தகம் என்று தாட்சணியம் பார்க்காதே.

உன்
துரை


பெரம்பலூர்
19-7-1981

அன்புள்ள துரைக்கு,

சீட்டை இந்தத் தடவை கடிதத்திலேயே எழுதுகிறேன்.

நல்லது: காங்கேயத்துச் சந்தையில் மாடு பிடிக்கப்போன அத்தியாயம். எந்த நாவலிலும் இவ்வளவு நன்றாகப் படித்ததில்லை.

பொய்: பக்கம் 64. "ஐம்பத்து மூன்றில் கிணறு வெட்டுகையில் பண்ணையாள் மாயவன் குடித்துவிட்டு உள்ளே விழுந்து மாண்டான். நல்ல உழைப்பாளி."

மறுபடி படிக்க வேண்டிய பக்கத்தை எழுதாமல் விட்டிருக்கிறேன்.

துரை, என் அப்பா குடித்ததில்லை. அன்று கிணற்றுப் பாறையில் ஆறு குழி போட்டு வெடிமருந்து கெட்டித்தார்கள். நீயும் நானும் வேப்பமரத்தடியில் நின்று விரல் விட்டு எண்ணினோம். ஐந்து வேட்டுதான் கேட்டது. ஒன்று வெடிக்கவில்லை என்றால் மறுநாள் காலைவரை யாரும் இறங்கக் கூடாது. நம் வயதுப் பிள்ளைகளுக்கே அது தெரியும். அய்யா இறங்கச் சொன்னார். அப்பா இறங்கினார். கடப்பாறை பட்டதும் ஆறாவது வெடித்தது. நமக்கு ஒன்பது வயது. இத்தனை வருஷத்தில் நீயும் நானும் இதைப் பேசியதே இல்லை.

அதைவிடப் பெரிய சங்கடம் அம்மாவால் வந்திருக்கிறது. விழாவுக்கு வந்த யாரோ சொன்னதைக் கேட்டு, எழுதப் படிக்கத் தெரியாத நம் ஊர் சாமிதுரை வந்து அம்மாவிடம் சொல்லிவிட்டான். நான் வேலையிலிருந்து வந்ததும், "உங்கப்பா பேரு அச்சுல வந்திருக்காமே, படிப்பா கேப்போம்" என்று எதிரே உட்கார்ந்தாள்.

புத்தகத்தைத் திறந்தேன். அங்கே இருந்ததைப் படிக்க முடியவில்லை. "வேட்டு ஒன்று வெடிக்கவில்லை என்று தெரிந்தும் மாயவனை நான்தான் இறங்கச் சொன்னேன். அவன் குடிக்காதவன். குற்றம் என்னுடையது" என்று வாயில் வந்ததைப் படித்தேன்.

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது; ஆனாலும் புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். பிறகு, "அவரே சொல்லிட்டாரா? தன் வாயால?" என்றாள். "இருவத்தெட்டு வருசமா குடிகாரன் பொண்டாட்டின்னாங்க. ஒரு நாளு தொட்டதில்ல அந்த மனுசன்." அந்தப் பக்கத்தை அடையாளம் வைக்கச் சொன்னாள். கையில் அகப்பட்ட பஸ் டிக்கெட்டை வைத்தேன்.

இப்போது அய்யாவைப் பார்க்க வருவேன் என்கிறாள். "தப்ப ஒத்துக்கிட்ட மனுசன். எனக்கு மனசுல ஒண்ணுமில்லன்னு ஒரு வார்த்த சொல்லிப்புட்டு வந்துடுறேன்." தடுத்துப் பார்த்தேன், கேட்கவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டு இருசம்மாள் துணையோடு வருகிறாள். எனக்கு நூலகத்தில் தணிக்கை. லீவு கிடைத்தாலும் அங்கே வந்து என்னால் நிற்க முடியாது.

அய்யாவுக்குக் காது கேட்காதது நல்லதாகப் போயிற்று. அம்மா படிக்கச் சொன்னால், நான் மேலே எழுதியிருக்கிற மூன்று வரியை நீ படித்துவிடு. உன்னிடம் இதுவரை புத்தகத்தைத் தவிர எதுவும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

உன்
முத்து


அரியலூர்
2-8-1981

அன்புள்ள முத்துவுக்கு,

ஒன்பது நாளாக எழுதி எழுதிக் கிழித்துப் போடுகிறேன். அம்மா உன்னிடம் என்ன சொன்னார்கள் என்று தெரியாது. நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

பதினோரு மணிக்கு வந்தார்கள். ஒரு துணியில் சின்ன வெங்காயம் கட்டிக் கொண்டுவந்திருந்தார்கள். இன்னொரு துணியில் புத்தகம். கூடத்தில் அப்பா, என் மனைவி, மாமனார், மச்சான் எல்லோரும் இருந்தோம். அம்மா அப்பாவைக் கும்பிட்டு, "மாயவன் பொண்டாட்டிங்க" என்றார்கள். நான் அப்பா காதில் கத்திச் சொன்னேன்.

அப்பா, "யாரு, குடிச்சிட்டுக் கெணத்துல வுழுந்தானே, அவன் பொண்டாட்டியா?" என்றார்.

மச்சான் சிரித்தான். அம்மா முகம் மாறவில்லை. புத்தகத்தைப் பிரித்து, டிக்கெட் வைத்த பக்கத்தை என்னிடம் நீட்டினார்கள். "அய்யாவுக்கு வயசாயிடுச்சு, மறந்துட்டாரு. அவரு எழுதுனத அவருக்கே படிச்சிக் காட்டுங்க தம்பி."

உன் மூன்று வரியும் எனக்கு மனப்பாடம். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அதைப் படித்தால் மாமனார் என்ன நினைப்பார், ஊரில் என்ன பேசுவார்கள் என்றெல்லாம் ஓடியது. "கண்ணாடி இல்லீங்கம்மா, எங்கேயோ வச்சிட்டேன்" என்றேன்.

அம்மா என் சட்டையைப் பார்த்தார்கள். "பையிலதானே இருக்கு தம்பி" என்றார்கள்.

நான் எடுக்கவில்லை. அம்மா புத்தகத்தை வாங்கித் துணியில் சுற்றிக்கொண்டு, "வெங்காயத்த காய வச்சிக்குங்க, ஈரமா இருக்கு" என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். காபிகூடக் குடிக்கவில்லை.

இன்னொன்றும் உனக்குத் தெரிய வேண்டும். வேட்டு வைத்த அன்று நான் அப்பாவிடம் ஓடிப்போய், "அஞ்சுதாம்பா கேட்டுச்சு" என்று சொன்னேன். "ரெண்டு சேந்து வெடிச்சிருக்கும், போடா" என்றார். அதன் பிறகுதான் மாயவனை இறங்கச் சொன்னார். இருபத்தெட்டு வருஷம் கழித்து, குடித்துவிட்டு என்று அவர் சொன்னபோது என் பேனா நிற்கவில்லை. நீ கண்டுபிடிப்பாய் என்று அனுப்பினேனா, கண்டும் விட்டுவிடுவாய் என்று அனுப்பினேனா, எனக்கே தெரியவில்லை. அப்பா காலத்துக்குப் பிறகு இரண்டாம் பதிப்புப் போட்டு, அந்தப் பக்கத்தை மாற்றுகிறேன். சத்தியம்.

ஒரு வரியாவது எழுது.

துரை


பெரம்பலூர்
9-8-1981

திரு. செல்லதுரை அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் வந்தது.

அன்று மாலை அம்மா திரும்பி வந்து, "அய்யா நல்லா விசாரிச்சாரு. தம்பி கணீர்னு படிச்சிச்சு. காபி குடுத்தாங்க" என்றாள். தங்கள் கடிதம் வரும்வரை நான் அதை நம்பிக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் பதிப்பு வரும்போது அம்மா இருப்பாளா என்று தெரியாது. அய்யா இருக்கும்போதே மாற்ற முடியாத பக்கத்தைப் பிறகு மாற்றி யாருக்குப் படித்துக் காட்டுவது?

தங்களிடம் வாங்கிய புத்தகங்கள் பதினொன்று என்னிடம் இருந்தன. திங்கட்கிழமை பஸ்ஸில் வரும். சீட்டு எதிலும் இல்லை. இனிமேல் எனக்குப் புத்தகம் அனுப்ப வேண்டாம். அய்யாவின் புத்தகத்தை மட்டும் திருப்பித் தர முடியவில்லை. அது அம்மாவின் பெட்டியில் இருக்கிறது.

நேற்றுச் சாயங்காலம் அதை எடுத்துக்கொண்டு வந்தாள். டிக்கெட் அதே பக்கத்தில் இருந்தது. அங்கே அச்சில் என்ன இருக்கிறது என்று இப்போது அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும்.

"படிப்பா" என்றாள்.

கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, மூன்று வரியையும் படித்தேன்.

இப்படிக்கு,
மா. அரியமுத்து